தளபதி விழுந்த பிறகு: வியூக விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆளுக்கு ஒரு முறை (டர்ன்) என்று மாறி மாறி ஆடும் டர்ன் பேஸ்டு வியூக விளையாட்டுகளை வடிவமைக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்கள் துறைக்காரன் இல்லை. பகலில் கணக்கு எழுதுகிறேன். இரவில் வீடு அடங்கிய பிறகு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, நீங்கள் உருவாக்கிய உலகங்களில் படை நடத்துகிறேன். சிவிலைசேஷன் என்ற கணினி விளையாட்டு வரிசையின் மூன்றாம் பதிப்பு வந்த காலத்திலிருந்து இந்தப் பழக்கம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். பத்தாம் வகுப்பு முடித்தவன். நான் சிவிலைசேஷன் 6 ஆடிக்கொண்டிருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். என் தளபதி நின்ற கட்டத்தை நோக்கி எதிரியின் குதிரைப்படை வந்துகொண்டிருந்தது.

“மாமா, இவர் செத்துட்டா என்ன ஆகும்?”

“சாகமாட்டார்டா. எதிரி அந்தக் கட்டத்துக்கு வந்தா இவர் பக்கத்துல இருக்கிற நம்ம ஊருக்குப் போயிடுவார்.”

“அப்போ எதுக்கு இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க?”

என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். இருபது வருடத்துக்கு மேல் எத்தனையோ தளபதிகளைக் களத்தில் நடத்தியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் விழுந்த இடமாவது எனக்கு நினைவிருக்கிறதா? இல்லை. என் ஊர்கள் நினைவிருக்கின்றன. கடைசி அம்பு வரை நின்ற ஒரு வில்லாளிப் படை நினைவிருக்கிறது. தளபதிகள் மட்டும் நினைவில் இல்லை.

ஒரு தளபதி யூனிட்டை, அதாவது களத்தில் நகர்த்தும் காயை, வடிவமைக்க உட்காரும்போது பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி, ‘இவர் பக்கத்தில் இருந்தால் படைக்கு என்ன கிடைக்கும்?’ என்பதுதான். உங்கள் விளையாட்டுகளை ஆடிப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்: இவர் விழுந்த அடுத்த டர்னில் என்ன நடக்கும்?

இதுவரை இந்தக் கேள்விக்கு வந்த பதில்களை ஆட்டக்காரன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சிவிலைசேஷன் 4-க்கு 2006-ல் வார்லார்ட்ஸ் என்ற விரிவாக்கம் வந்தது. அதில் போர் நடக்க நடக்க கிரேட் ஜெனரல் பிறப்பார். அவரை ஒரு யூனிட்டோடு சேர்த்துவிடலாம். அந்தக் கட்டத்தில் நிற்கும் யூனிட்டுகளுக்கு இருபது அனுபவப் புள்ளிகள் பிரித்துக் கொடுக்கப்படும். அவர் சேர்ந்த யூனிட்டுக்கு மற்றவர்களுக்குக் கிடைக்காத சில பதவி உயர்வுகளும் திறக்கும். யூனிட் செத்தால் அவரும் போய்விடுவார், திரும்ப வரமாட்டார். படிக்கும்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் மட்டும் இல்லை, அந்த விளையாட்டை ஆழமாக ஆடிய பெரும்பாலானவர்கள் செய்தது இதுதான். ஒரு பழைய தேர்ப்படையோடு அவரைச் சேர்த்து, மூன்றாம் நிலை மருத்துவப் பதவி உயர்வு கொடுத்து, பெரும்படையின் நடுவில் வைத்துக்கொண்டேன். ஒரே கட்டத்தில் பல யூனிட்டுகள் நின்றால் அவற்றில் வலுவானதுதான் முதலில் எதிர்த்து நிற்கும் என்பது அங்கே விதி. அதனால் எல்லாரிலும் பலவீனமான அந்தத் தேர் மேல் கைபடவே படாது. துப்பாக்கிக் காலம் வந்த பிறகும் என் மாபெரும் தளபதி அதே மரத்தேரில் உட்கார்ந்து காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்து பிறந்தவர்களை எல்லாம் ஊரில் பயிற்சியாளராக அமர்த்திவிட்டேன். அங்கே உருவாகும் ஒவ்வொரு படைக்கும் இரண்டு அனுபவப் புள்ளி. பாதுகாப்பான வட்டி மாதிரி.

இதில் ஆட்டக்காரனைக் குறை சொல்ல முடியாது. சாவு வெறும் நஷ்டமாக மட்டுமே இருந்தால், யாராக இருந்தாலும் பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்டத்தான் செய்வான்.

சிவிலைசேஷன் 5-லும் 6-லும் தளபதி ஒரு விளக்குத்தண்டு ஆனார். இரண்டு கட்டத் தூரம் வரை வெளிச்சம் அடிக்கும். 6-ல் அந்த வெளிச்சத்துக்குள் நிற்கும் அவர் காலத்துப் படைகளுக்கு ஐந்து புள்ளி கூடுதல் வலிமை, ஒரு கட்டம் கூடுதல் நடை. ஹானிபல் வந்தாலும் அதே ஐந்து, பூடிக்கா வந்தாலும் அதே ஐந்து. கடைசியாக ஓய்வு கொடுத்து அனுப்பும்போதுதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிகிறது. அந்த விளையாட்டின் மாபெரும் கடற்படைத் தலைவர்கள் பட்டியலில் ராஜேந்திர சோழன் பெயரை முதன்முதலில் பார்த்த இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த மகிழ்ச்சியைக் கொடுத்ததற்கு நன்றி. ஆனாலும் அவர் என் துறைமுகத்தில் நின்றபோது, பக்கத்தில் நின்ற எந்தத் தலைவருக்குப் பதிலாகவும் அவரை வைத்திருக்கலாம் என்பது போலத்தான் இருந்தது.

2025-ல் வந்த ஏழாவது பதிப்பு உண்மையிலேயே ஒரு பெரிய அடி எடுத்து வைத்தது. தனித்தனி யூனிட்டுகளுக்கு இனி அனுபவம் கிடையாது. கற்றுக்கொள்வது தளபதி மட்டும்தான். நாலு யூனிட்டுகளைத் தனக்குள் ஏற்றிக்கொண்டு நடந்து, களத்தில் இறக்கிவிடுவார். ஒரு காலம் முடிந்து அடுத்தது பிறந்தாலும் அவரும் அவர் கற்றதும் தொடரும். பத்துப் பன்னிரண்டு யூனிட்டை ஒவ்வொன்றாக நகர்த்தி விரல் வலித்தவன் என்ற முறையில் இதை வடிவமைத்தவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவரும் களத்தில் வீழ்ந்தால் சில டர்ன் கழித்து, கற்றதெல்லாம் அப்படியே இருக்க, எழுந்து வந்துவிடுகிறார். அக்கா மகனின் கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது.

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3-ஐ நான் இன்றைக்கும் ஆடுகிறேன். அங்கே வீரன் போர்க்களத்தின் ஓரத்தில் குதிரை மேல் நிற்பான், யாரும் அவனைத் தொட முடியாது. அவனுடைய தாக்குதல் புள்ளிகள் அவன் படையோடு சேரும்; எதிரியின் தற்காப்பை மிஞ்சும் ஒவ்வொரு புள்ளியும் அடியை ஐந்து சதவீதம் ஏற்றும். தோற்கும் நிலை வந்தால் ஓடிவிடலாம். படை போய்விடும், ஆனால் விடுதியில் 2500 பொன் கொடுத்து அவனையே திரும்ப அமர்த்திக்கொள்ளலாம். அந்த உலகத்துக்கு அது பொருந்துகிறது. அது வீரர்களின் பயணக் கதை, போரின் கதை இல்லை.

இன்னொரு பக்கம் சதுரங்கம். ராஜா விழுந்தால் ஆட்டமே முடிந்தது. அதே வழியில் வந்த பேட்டில் ஃபார் வெஸ்நோத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைமை என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன வேறு விளையாட்டை நான் ஆடியதில்லை. தலைவன் கோட்டை நடுவில் நின்றால்தான் படை திரட்ட முடியும். ஆனால் பெரும்பாலும் அவன்தான் உங்களிடம் இருப்பவர்களில் வலுவானவன், முன்னணியில் அவன் தேவைப்படுகிறான். ஒவ்வொரு டர்னும் இந்த இழுபறி. அப்புறம் லெப்டினன்ட், ஜெனரல் போன்றவர்களுக்கு இருக்கும் தலைமைத் திறன்: பக்கத்துக் கட்டத்தில் நிற்பவன் தன்னைவிடக் கீழ்நிலையில் இருந்தால், ஒரு நிலை வித்தியாசத்துக்கு 25 சதவீதம் வீதம் அவன் அடி கூடும். தனக்குச் சமமானவனுக்கு ஒன்றும் கிடைக்காது. தலைமை என்பது இளையவனைத் தூக்கிவிடுவது என்று ஒரே ஒரு விதியில் சொல்லிவிட்டார்கள். அந்த விதியை எழுதியவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் அங்கேயும் தலைவன் விழுந்தால் பெரும்பாலும் ஆட்டம் முடிந்தது. ஆக, உங்கள் உலகங்களில் மூன்று முடிவுகளைத்தான் பார்க்கிறேன். ஒன்று, சாவு எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. இல்லாவிட்டால் எதையுமே மாற்றுவதில்லை. அதுவும் இல்லாவிட்டால், பயந்து பெட்டியில் பூட்டிவைக்கச் செய்கிறது. போரின் வரலாறு நடந்திருப்பது பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் நடுவில்.

எனக்குத் தெரிந்த இரண்டு களங்களைச் சொல்கிறேன். ஏழாவது பதிப்பில் சோழர்களை ஒரு நாகரிகமாகவே சேர்த்திருக்கிறார்கள் என்பதால் இது உங்களுக்கும் அந்நியமாக இருக்காது.

கி.பி. 949. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தக்கோலம். முதலாம் பராந்தகச் சோழனின் மகன், பட்டத்து இளவரசன் ராஜாதித்தன், பல வருடமாகத் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையோடு தங்கி வடக்கு எல்லையைக் காத்துவந்தவன். எதிரே ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனோடு கங்க மன்னன் பூதுகன். ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு அவனைக் கொன்றவன் பூதுகன் என்கிறது. லெய்டன் செப்பேடு, கிருஷ்ணனின் அம்புகள் நெஞ்சில் பாய்ந்து யானை மேலேயே இறந்தான் என்கிறது. கொன்றவர் யார் என்பதில் வேறுபட்டாலும், இறந்த இடம் யானையின் முதுகு என்பதில் வேறுபாடு இல்லை. அதோடு சோழப்படை உடைந்தது. தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று கிருஷ்ணன் பட்டம் சூடிக்கொண்டான். சோழர்கள் பழைய நிலைக்கு எழுந்து வர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

அந்தப் போரின் ஓரத்தில் ஒருவர் நிற்கிறார். கேரளத்திலிருந்து வந்து ராஜாதித்தனுக்கு நண்பராக இருந்தவர். தலைவன் விழுந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. அவனோடு சேர்ந்து சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்ற வேதனையில் துறவியானார். சதுரானன பண்டிதர் என்ற பெயரில் திருவொற்றியூரில் வாழ்ந்தார். அங்கே உள்ள கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்கிறது. அவரும் வெள்ளங்குமரன் என்ற சோழத் தளபதியும் ஒருவரே என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஒரு தலைவனின் சாவு அவன் அருகில் இல்லாதவனைக்கூட இந்த அளவுக்கு மாற்றுகிறது. உங்கள் விளையாட்டில் அந்த மாதிரி ஒரு யூனிட்டுக்கு இடம் இருக்கிறதா?

இனி நூறு வருடம் தள்ளி, 1054. பேராற்றங்கரையில் இருந்த கொப்பம். அதே சோழர்கள். எதிரே மேலைச் சாளுக்கிய மன்னன் ஆகவமல்லன் சோமேசுவரன். சோழப் பேரரசன் ராஜாதிராஜன் படையின் முன்னால் யானை மேல் இருந்தான். சாளுக்கியர்கள் அந்த யானையையே குறிவைத்து நெருங்கினார்கள். அவன் யானை மேலேயே இறந்தான். அவனுக்கும் ராஜாதித்தனைப் போலவே ‘யானைமேல் துஞ்சிய’ என்ற அடைமொழி கிடைத்தது. படை கலைந்து ஓடத் தொடங்கியது. இதுவரை அச்சாகத் தக்கோலம்தான்.

இங்கேதான் திரும்புகிறது. தம்பி இரண்டாம் ராஜேந்திரன் யானையைச் செலுத்திக்கொண்டு முன்னால் வந்தான். எதிரிகள் இப்போது அவனைக் குறிவைத்தார்கள். அவன் யானையின் நெற்றியிலும் அவன் தொடையிலும் தோளிலும் அம்புகள் தைத்தன என்றும், அவனோடு யானை மேல் இருந்த வீரர்கள் விழுந்தார்கள் என்றும் அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. அவன் இறங்கவில்லை. ஓடியவர்கள் நின்றார்கள், திரும்பினார்கள், வென்றார்கள். அந்தக் களத்திலேயே, இன்னும் காயம் ஆறாத உடம்போடு, அவன் முடி சூட்டிக்கொண்டான்.

இரண்டு களத்திலும் தலைவன் யானை மேல் இறந்தான். ஒன்றில் நாடே சரிந்தது. மற்றொன்றில் போரையே வென்றார்கள். தக்கோலத் தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன, வரலாற்றை ஒரே கயிற்றில் கட்டிவிட நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு வடிவமைப்பாளர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணில் படவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கொப்பத்தில் அடுத்தவர் யார் என்பது படைக்கு முன்பே தெரியும். ராஜாதிராஜன் தனக்கு மகன்கள் இருந்தும் தம்பிக்கு இளவரசுப் பட்டம் கட்டியிருந்தான். அந்தத் தம்பி களத்திலும் இருந்தான், எட்டும் தூரத்தில் இருந்தான். இறந்தவரின் வலிமை எத்தனை புள்ளி என்பதைவிட, மறுநொடி படை யாரைத் திரும்பிப் பார்த்தது என்பதுதான் முடிவை எழுதியது.

அந்த யானையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்னர்கள் ஏன் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தார்கள்? படை முழுக்க அவர்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. எதிரியும் பார்ப்பான், அதுதான் விலை. 1658-ல் ஆக்ராவுக்கு அருகில் சாமுகர் களத்தில் தாரா ஷிகோ யானையிலிருந்து இறங்கிக் குதிரைக்கு மாறினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்பாரி காலியாக இருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்த படை, தலைவன் போய்விட்டான் என்று நினைத்துச் சிதறியது. ஔரங்கசீப் வென்றான். உங்கள் இரண்டு கட்ட வெளிச்சம் இருக்கிறதே, அது உண்மையில் இந்த அம்பாரிதான். ஆனால் அதன் விலையை நீங்கள் இன்னும் விளையாட்டுக்குள் கொண்டுவரவில்லை. உயரத்தில் இருந்தால் வெளிச்சம் தூரம் போகும், அம்பும் தேடி வரும். இறங்கினால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் படைக்கு முகம் தெரியாது. இந்த முடிவை ஒவ்வொரு டர்னும் ஆட்டக்காரன் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்?

எப்படி இருக்கும் என்று நானும் அக்கா மகனும் ஆடியே பார்த்தோம். அதையும் எழுதிவிடுகிறேன்.

அறுகோணக் கட்டம் அச்சடித்த தாள்கள் நான்கை ஜெராக்ஸ் எடுத்துப் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டினோம். என் படை சோழி, அவன் படை புளியங்கொட்டை. தலைவனுக்குக் கோட்டுப் பொத்தான், அவன் விழுந்தால் தலைமை ஏற்கும் அடுத்தவருக்குச் சட்டைப் பொத்தான். தலைவன் ஒவ்வொரு டர்னும் அம்பாரியில் இருக்கிறானா, இறங்கியிருக்கிறானா என்று சொல்லிவிட வேண்டும். அம்பாரியில் இருந்தால் மூன்று கட்டம் வரை படைக்குத் தெம்பு. ஆனால் அவன் மேல் வரும் தாக்குதலில் பகடையில் ஆறு விழுந்தால் அவன் விழுவான். இறங்கினால் ஒரு கட்டம்தான், ஆனால் அவன் நிற்கும் யூனிட் அழிந்தால் ஒழிய அவனுக்கு ஆபத்து இல்லை.

அடுத்தவர் விதியில்தான் ரொம்ப நேரம் சண்டை போட்டோம். முதலில் அடுத்தவரைக் குறித்துவைத்தால் போதும் என்று விதி எழுதினோம். ஆட்டம் சப்பென்று இருந்தது. சட்டைப் பொத்தானை மூலையில் ஒளித்துவைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்தான். பிறகு மாற்றினோம். சட்டைப் பொத்தான் தலைவனுக்கு இரண்டு கட்டத்துக்குள் தொடர்ந்து மூன்று டர்ன் இருந்திருந்தால்தான் படை அவரை அறியும். தலைவன் விழுந்த டர்னில் எல்லாக் கொட்டையும் பகடை போட வேண்டும்: மூன்று வரை விழுந்தால் ஓட்டம். ஆனால் படை அறிந்த அடுத்தவர் அந்த டர்னே அம்பாரியில் ஏறினால், அவர் மூன்று கட்டத்துக்குள் இருப்பவர்கள் பகடை போட வேண்டாம். நிற்பார்கள், அடுத்த இரண்டு டர்ன் கூடுதல் ஆவேசத்தோடு அடிப்பார்கள்.

அந்த நொடியில் ஆட்டம் உயிர் பெற்றது. அடுத்தவரைப் பக்கத்தில் வைத்தால் படை அறியும், ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து விழலாம். இடது அணியை நடத்த ஆள் இருக்காது. தூரத்தில் வைத்தால் அவர் பத்திரம், ஆனால் வேண்டும்போது அவர் வெறும் பொத்தான். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை. ஒரு விதியை மாற்றியதும் தானாக வந்தது.

முதல் ஆட்டத்தில் அவன் சட்டைப் பொத்தானை இடது பக்கம் என் சோழிகளைத் துரத்த அனுப்பினான். ஐந்தாவது டர்னில் கோட்டுப் பொத்தான் விழுந்தது. ஒன்பது புளியங்கொட்டையில் ஆறு ஓடின. கொஞ்ச நேரம் பேசாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னொரு ஆட்டம் மாமா.”

இந்த முறை சட்டைப் பொத்தானை ஒரு கட்டம் பின்னாலேயே நடத்திக்கொண்டு வந்தான். நானும் விடவில்லை, ஏழாவது டர்னில் எனக்கு ஆறு விழுந்தது. அவன் கோட்டுப் பொத்தானை எடுக்கவில்லை. சின்னப் பொத்தானைத் தூக்கி அதன் மேலேயே வைத்தான். ஒரு கொட்டைகூட ஓடவில்லை. மூன்று டர்னில் என் நடு அணியை உடைத்தான். ஆட்டம் முடிந்து எல்லாவற்றையும் டப்பாவில் போடும்போது அந்தச் சின்னப் பொத்தானை மட்டும் தனியாக எடுத்து, பேனாவால் பின்பக்கம் ஒரு பெயர் எழுதினான். என்ன பெயர் என்று எனக்குக் காட்டவில்லை.

நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும், சிலவற்றை நானே ஆட்டக்காரனாகச் செய்தவன். தளபதி செத்தால் உடனே முன்பு சேமித்துவைத்த ஆட்டத்தைத் திறந்து, சாவுக்கு முந்தைய இடத்துக்கே திருப்பிவிடுவார்கள் என்பீர்கள். உண்மை. ஃபயர் எம்ப்ளம் விளையாட்டு வரிசையில் செத்தவர் திரும்பமாட்டார் என்பது 1990-லிருந்து விதி. ஒருவர் செத்ததும் அத்தியாயத்தையே முதலிலிருந்து தொடங்குபவர்கள் ஏராளம். கடைசியில் 2010-ல் அந்த வரிசையே சாவு நிலைக்காத ஒரு எளிய முறையையும் சேர்த்தது. ஆனால் ஏன் திருப்புகிறோம்? அந்தச் சாவுக்குப் பிறகு ஆட்டத்தில் நமக்குப் புதிதாக எதுவும் காத்திருக்கவில்லை, கதவு மூடியதுதான் மிச்சம். சின்னப் பொத்தானுக்கு ஆவேசம் காத்திருக்கிறது என்று தெரிந்ததும் என் அக்கா மகன் திருப்பி ஆடலாமா என்று கேட்கவே இல்லை.

கணினி எதிரி இதைச் சமாளிக்குமா என்பது நியாயமான கவலை. வெஸ்நோத்தில் எதிரித் தலைவனுக்கு ஆசை காட்டிக் கோட்டைக்கு வெளியே இழுத்துக் கொல்வது பழகிய ஆட்டக்காரர்களுக்கு வெகுநாளாகத் தெரிந்த வித்தை. அம்பாரியைக் கொடுத்தால் நாங்கள் கணினியின் தலைவனை வேட்டையாடத்தான் செய்வோம். அதற்குக் கணினி பெரிய மேதையாக இருக்க வேண்டாம். அடுத்தவரை எப்போதும் இரண்டு கட்டத்துக்குள் வைத்திருக்கத் தெரிந்தால் போதும். வேட்டையாடியவன், கொன்றதற்குப் பரிசாக ஒரு ஆவேசப் படையைச் சந்திப்பான். சாளுக்கியர்கள் கொப்பத்தில் சந்தித்தது அதைத்தான்.

ஏற்கெனவே விதிகள் நிறைய, இதுவும் சேர்ந்தால் தாங்காது என்றால், வேறு எதையாவது எடுத்துவிடுங்கள். பத்து விதமான இரண்டு சதவீதப் பதவி உயர்வுகளை நான் ஒருநாளும் நினைவில் வைத்ததில்லை. ஓல்ட் வேர்ல்டு விளையாட்டில் தளபதி என்பவர் வயதாகி, மணமாகி, இறந்துபோகும் ஒரு மனிதர். அவருக்கு உறவுகள் உண்டு. ஒரு டர்னில் இத்தனை ஆணைதான் என்ற கட்டுப்பாடும் அங்கே உண்டு. அது சிக்கலான விளையாட்டுதான். ஆனாலும் அங்கே யார் செத்தார், அவருக்குப் பின் யார் வந்தார் என்று எனக்கு நினைவிருக்கிறது. மனிதர்களைப் பற்றிய சிக்கலை மூளை சுமையாகப் பார்ப்பதில்லை.

இன்னும் ஒன்று. 1824-ல் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் ராணுவ அதிகாரிகளுக்காக வடிவமைத்த கிரீக்ஸ்பீல் என்ற போர் விளையாட்டில், ஆணையை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். தூதன் குதிரையில் போய்ச் சேரும் நேரத்தை நடுவர் கணக்கிட்ட பிறகுதான் படை அசையும். இருநூறு வருடத்துக்கு முன்பே தலைமை என்பது தூரத்தோடும் நேரத்தோடும் நடக்கும் சண்டை என்று தெரிந்திருக்கிறது. தலைவன் விழுந்த செய்தியும் எல்லா அணிக்கும் ஒரே நொடியில் போகாமல் கட்டம் கட்டமாகப் பரவினால், வலது அணி ஓடும்போது இடது அணி இன்னும் வென்றுகொண்டிருக்கும். அதை நான் அட்டையில் முயன்றேன். கையால் கணக்கு வைக்க முடியவில்லை. உங்கள் கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை.

அதனால் உங்களிடம் கேட்பது: உங்கள் அடுத்த விளையாட்டில் தளபதி யூனிட்டுக்கு ஒரு பெயர் கொடுங்கள், அவர் பக்கத்தில் இன்னொருவர் நிற்க ஒரு இடம் கொடுங்கள், அவர் எவ்வளவு உயரத்தில் தெரிய வேண்டும் என்பதை எங்களிடம் விடுங்கள். அவர் விழட்டும். விழுந்த பிறகு எங்களுக்கு ஒரு டர்ன் கொடுங்கள்.

எங்கள் அட்டை விளையாட்டின் விதிகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதினொரு பக்கம் இருக்கின்றன, பாதி என் கையெழுத்து, பாதி அவனுடையது. உங்களில் யாருக்குப் பயன்பட்டாலும் எடுத்துக்கொள்ளலாம்; எந்த உரிமையும் கேட்கமாட்டோம். பங்குனி விடுமுறைக்கு அவன் மறுபடி வருகிறான். தக்கோலத்தை அவன் ராஜாதித்தன் பக்கம் ஆட வேண்டும் என்கிறான். அந்தக் கேரள நண்பரைச் சரியான நேரத்துக்குக் களத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கப் போகிறானாம்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுகளை நெடுநாளாக ஆடிவரும் ஒருவன்